மதகனின் பின்னடி

"ஏட்டி பிரிஸ்கா, இவன் சாவாம இருக்கணும்னா என்னத்தச் செய்யணும்?"

செல்ட்டன் இப்படிக் கேட்டுக்கொண்டே தன் அட்டையை மேசையின் குறுக்கே அவள் பக்கம் தள்ளினான். அந்த மேசையில் அவன் உட்கார்ந்த முதல் ஞாயிறு அது.

கீழே டெரன்ஸ் அண்ணனின் வலைக்கடை. மாடியில் நைலான் நூல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை, நாலு நாற்காலி, கடல் பக்கம் பார்த்த ஒரே ஜன்னல். டெரன்ஸ் அண்ணன் பல வருஷம் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். வேலையை விட்டு ஊருக்குத் திரும்பும்போது எல்லோரும் சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவந்தால், அவர் கொண்டுவந்தது ஒரு விளையாட்டு. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, அதன் பலம் பலவீனங்களை அட்டையில் எழுதிக்கொண்டு, பகடை உருட்டிக் கதைக்குள் போவார்கள். பாழடைந்த கோட்டை, புதையல், பூதம், பேசுகிற ஓநாய். வளர்ந்த ஆண்கள் உட்கார்ந்து இப்படி விளையாடுவதைக் கேள்விப்பட்டுத் தெருவே சிரித்தது. டெரன்ஸ் அண்ணன் கண்டுகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு, கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டால் அவருக்கு வேறு உலகம்.

பிரிஸ்கா அந்தக் கடையில் நூல் சுற்றுகிறவள். பதினோராம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோதெல்லாம் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். வகுப்பு சிரிக்கும். ஒருநாள் ஒரு வரியின் பாதியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்தாள். பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் டெரன்ஸ் அண்ணனின் தடித்த விதிப்புத்தகத்தை எழுத்து எழுத்தாகப் படித்து முடித்திருந்தாள். எந்த விதி எந்த விதியோடு சேர்ந்தால் எது பலக்கும் என்று அவருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். கதையில் அவள் எடுத்துக்கொண்ட பாத்திரம் வாய் பேசாத ஒரு மந்திரக்காரி. "வசதியாத்தான் எடுத்திருக்கா," என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

செல்ட்டனின் அட்டையைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. ஆளை உருவாக்கக் கிடைத்த புள்ளி மொத்தத்தையும் பலத்தில் கொட்டியிருந்தான்.

"இவன் நல்ல சண்டக்காரன் இல்ல அண்ணே," என்றாள், அட்டையைப் பார்த்துக்கொண்டே.

"எப்படிச் சொல்லுத? யானையத் தூக்கி வீசிருவான்ட்டி."

"வீசுவான். ஆனா எதிரி எதுக்கு இவன்கிட்ட வாரான்? இவன வெலகிப் போயி பின்னால நிக்கிற ஆள அடிப்பான். மகுதூம் அண்ணன அடிச்சா ஒரே அடிதான்."

"ஏ, என்னைய எதுக்கு இழுக்கிய?" என்றான் மகுதூம். அவனும் செல்ட்டனும் ஒரே ஐஸ் கம்பெனியில் வேலை. செல்ட்டனை இங்கே கூட்டிவந்தவனே அவன்தான். கதையில் அவன் வவ்வால் என்ற திருடன். ஓடவும் ஒளியவும் பூட்டைத் திறக்கவும் மட்டும் தெரிந்தவன்.

"அப்ப எவன் நல்ல சண்டக்காரன்?" என்று கேட்டான் செல்ட்டன்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது மட்டும் பிரிஸ்காவுக்குத் தொண்டை அடைக்கவில்லை. நல்ல சண்டைக்காரன் அதிகமாக அடிக்கிறவன் இல்லை, தன்னைத் தாண்டி எதிரியைப் போகவிடாதவன் என்றாள். பலத்தில் பாதியை எடுத்துத் தாங்கும் சக்தியில் போட்டாள். பேச்சுத்திறமையைக் குறைத்தாள், பூதத்திடம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. பெரிய கேடயம் கொடுத்தாள். 'குறுக்கே நில்' என்ற திறமையை வாங்கினாள். பக்கத்தில் நிற்பவன்மேல் விழுகிற அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் திறமை அது. விலை கூடுதல். புள்ளி போதவில்லை.

"பின்னடிய வித்துருவோமா?" என்றாள்.

"அது என்னது பின்னடி?"

"காயம் பட்டா உங்க ஆளு எவ்வளவு பயந்து பின்வாங்குவான்னு ஒரு எண்ணு. அத சைபராக்கிட்டா அந்தப் புள்ளி பூரா நமக்குக் கெடைக்கும்."

"சைபராக்குனா?"

"அட்டைப்படி பின்வாங்கவே மாட்டான். ஓசிப் புள்ளிதான் அண்ணே. எப்ப ஓடணும்னு நீங்கதான முடிவு பண்ணப்போறிய? அட்டையா பண்ணப்போவுது?"

செல்ட்டன் யோசிக்கவே இல்லை. "வித்துரு," என்றான். அந்தச் சண்டைக்காரனுக்கு மதகன் என்று பெயர் வைத்தான். குளத்துத் தண்ணீரை மதகு நிறுத்துகிற மாதிரி நிற்பவனாம்.

மேசையின் நடுவில் ஒரு பெட்டி இருந்தது. வெற்றிலைப்பெட்டி அளவுதான். இந்த விளையாட்டை விற்கிற கம்பெனி கூடவே கொடுப்பது. யாருடைய ஆளுக்கு எவ்வளவு காயம், எவ்வளவு பொருள் என்று கணக்கு வைத்துக்கொள்ளும். ஆடுகிறவர்களின் பேச்சையும் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட ஆட்டத்துக்குப் பெரிய எதிரி பூதம் இல்லை, வராத ஆள்தான். ஒருவனுக்குக் காய்ச்சல், இன்னொருவனுக்குக் கல்யாணம் என்று மாதக்கணக்கில் கதை நின்றுபோகும். அதற்காகத்தான் அந்தப் பெட்டி. வராதவனின் ஆளை அதுவே ஆடும். அவன் குரலில், அவன் பேசுகிற மாதிரியே பேசும். பதிலாள் என்பார்கள்.

மகுதூம் ஒருமுறை காயல்பட்டினத்துக்குக் கல்யாணத்துக்குப் போனபோது, அவனுடைய பதிலாள் அன்றைக்குப் பூராவும் கூட இருந்தவர்களிடமே திருடியது. அடுத்த வாரம் மகுதூம் அந்தப் பதிவைப் போடச் சொல்லிக் கேட்டான்.

"ஏல, நான் இவ்வளவு கேவலமாவா பேசுதேன்?"

"இல்லல, இது கொஞ்சம் மரியாதையாப் பேசுது," என்றான் செல்ட்டன்.

மதகன் சாகவில்லை. ஓநாய்க் கூட்டம் வந்தது, செத்தவர்களின் படை வந்தது, கல்லால் ஆன ராட்சதன் வந்தான். எல்லா அடியும் மதகன்மேலேயே விழுந்தது. மற்றவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக நின்றார்கள். "நீங்க போங்கல, நான் நிக்கேன்," என்பான் செல்ட்டன். அதைச் சொல்லும்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவான்.

அந்த நிமிர்வு மேசையோடு நிற்கவில்லை. செல்ட்டன் சுபாவத்தில் ஒதுங்கிப்போகிறவன். யாராவது சத்தம் போட்டால் தெருவின் அடுத்த பக்கம் மாறிவிடுவான். அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிறு படியேறி வரும்போதே முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். ஐஸ் கம்பெனி மேஸ்திரி ஒரு பீகார் பையனைக் கைநீட்டி அடிக்கப் போயிருக்கிறான். இவன் நடுவில் போய் நின்றுவிட்டானாம்.

"அடி எனக்குத்தான் விழுந்துச்சு," என்று கன்னத்தைத் தடவிக் காட்டினான். "ஆனா நம்ம ஆளு மாதிரியே நின்னேன் பிரிஸ்கா. காலு நடுங்கவே இல்ல, கேட்டியா."

அவளுக்குப் பெருமையாக இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது என்பதைப் பிற்பாடு அவளால் மறக்க முடியவில்லை.

ஐஸ் கம்பெனியில் அமோனியாக் குழாய் வெடித்தது ஒரு மழைக்காலத்தில். எல்லோரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். செல்ட்டனும் வெளியேதான் நின்றான். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு ஆள் எண்ணிப் பார்த்திருக்கிறான். மகுதூமைக் காணோம். ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு திரும்ப உள்ளே போனான். மகுதூம் வெளியே வந்தான், பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டது போலத் தடுமாறிக்கொண்டு. தள்ளியவன் வரவில்லை.

கல்லறையில் செல்ட்டன்மேல் மண் தள்ளும்போது, மகுதூம் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குழாயோடு கிடந்தான். அவன் திரும்பி வந்தபிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நாலைந்து மாதம் மாடிக்கு யாரும் போகவில்லை. பிறகு மகுதூம்தான் கடைக்கு வந்து, "என்ன அண்ணே, ஆட்டத்த அப்படியே விட்டுட்டிய?" என்றான். அந்த ஞாயிறு மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நாலாவது நாற்காலியை யார் எடுத்து ஓரமாகப் போடுவது என்று தெரியாமல் அது அங்கேயே கிடந்தது. டெரன்ஸ் அண்ணன் பழக்கத்தில் பெட்டியைத் தட்டினார். அவர் கை பாதியில் நின்றது. ஆனால் தட்டியாகிவிட்டது.

"என்னல எல்லாரும் இப்படிக் குந்தியிருக்கிய? எழவு வீடா?" என்றது செல்ட்டனின் குரல்.

பிரிஸ்கா கையிலிருந்த பகடை தரையில் உருண்டு மூட்டைக்கு அடியில் போனது. யாரும் அதை எடுக்கவில்லை.

பெட்டிக்குச் சாவு தெரியாது. ஆள் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். டெரன்ஸ் அண்ணன் அணைக்கப் போனார். மகுதூம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இருக்கட்டும் அண்ணே," என்றான். பிறகு பெட்டியின் பக்கம் குனிந்து, "ஏல மதகா, இருக்கியா?" என்றான்.

"நான் எங்க போவ? சொல்லுல."

அன்றிலிருந்து மறுபடியும் ஆட்டம் நடந்தது. மகுதூம் முன்னைவிட அதிகமாகச் சிரித்தான், அதிகமாகக் கேலி பேசினான். வவ்வாலை வேண்டுமென்றே ஆபத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டு, "மதகா!" என்று கூப்பிடுவான். "வாரேன்ல, கத்தாத," என்று குரல் வரும். மதகன் வந்து குறுக்கே நிற்பான். பிரிஸ்கா தலையைத் தூக்க மாட்டாள்.

ஒருநாள் அவள் டெரன்ஸ் அண்ணனிடம் கேட்டாள்.

"அண்ணே, பேசுறது யாரு? செல்ட்டன் அண்ணனா, இல்ல அட்டையா?"

அவர் நூல் கண்டை எடைத்தட்டில் வைத்தார். "ரெண்டுந்தான். அவன் ரெண்டு வருஷமாப் பேசுனத கேட்டு வச்சிருக்கு. அட்டையில என்ன எழுதியிருக்கோ அதையும் பாக்குது. பாதி ஆளு, பாதி அட்டை. எது எவ்வளவுன்னு செஞ்ச கம்பெனிக்காரனுக்கே தெரியாது."

"எப்ப நிறுத்தும்?"

"மதகன் கதையில செத்தா நின்னுரும். அதுதான் அவிய விதி. ஆனா நீதான் அவனச் சாவாத மாதிரி பண்ணி வச்சிருக்கியே." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொன்னபிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். "ஏட்டி, நான் அப்படிச் சொல்லல."

ஆனால் அவளுக்குள் அந்தக் கணக்கு எப்போதோ தொடங்கிவிட்டிருந்தது. பாதி ஆள், பாதி அட்டை. அந்தப் பெட்டிக்குள் இருப்பவன் அப்படி என்றால், ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனவன்? அவனில் எவ்வளவு ஆள், எவ்வளவு அட்டை? தெருவில் சத்தம் கேட்டால் ஒதுங்கிப் போனவனிடம் பின்வாங்காதே என்று எழுதிக் கொடுத்தது யார்? நூல் சுற்றும்போது ராட்டை ஓடும். அவள் அங்கே இருக்கமாட்டாள். ஓசிப் புள்ளி என்று தான் சொன்ன வார்த்தை தன் குரலிலேயே திரும்பத் திரும்பக் கேட்கும்.

செல்ட்டனின் அம்மா ஞானப்பூவுக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. இடியாப்பம் அவித்து விற்கிறவள். தெருவின் எந்தச் சேதியும் அவள் கூடைக்குத் தப்பாது. ஒரு ஞாயிறு படியேறி வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஒரு நூல் மூட்டைமேல் உட்கார்ந்தாள். பெட்டி பேசியது. அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஆட்டம் முடியும்வரை அப்படியே இருந்தாள்.

அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரமும். வரும்போது எல்லோருக்கும் இடியாப்பம் கொண்டுவருவாள். மகுதூம் தட்டில்தான் முதலில் வைப்பாள். "நல்லாத் தின்னு மக்கா. நெஞ்சு தேறட்டும்," என்பாள். தன் பிள்ளை யாருக்காகப் போனான் என்று அவளுக்குத் தெரியும். ஒருநாளும் அவனை அவள் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அவனும் அவள் கொடுத்ததை மிச்சம் வைத்ததில்லை.

"எம்மா வந்திருக்காளோ? இடியாப்ப வாசம் அடிக்கிற மாதிரி இருக்கு," என்றது பெட்டி ஒருமுறை. அதற்கு மூக்கு ஏது? யாரோ இடியாப்பம் என்று சொன்னது அதன் காதில் விழுந்திருக்கும். பிரிஸ்காவுக்கு அது புரிந்தது. ஞானப்பூவுக்குப் புரியவில்லை, அல்லது புரியவேண்டாம் என்றிருந்தது. "வந்திருக்கேன் ராசா," என்றாள்.

ஒரு வேலைநாள் மத்தியானம் கடையில் பிரிஸ்கா தனியாக இருக்கும்போது ஞானப்பூ வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு ராட்டையின் பக்கத்தில் குந்தினாள்.

"பிள்ள, ஒண்ணு கேப்பேன். செய்வியா?"

"சொல்லுங்க பெரியம்மா."

"அவன ஒரு தடவ ஓட வையி."

ராட்டை நின்றது.

"வாரவாரம் கேக்குதேன். 'நான் நிக்கேன், நீங்க போங்க, நான் நிக்கேன்.' என்னத்துக்குட்டி நிக்கணும்? வெளியே வந்துட்டானே! கதவுக்கு வெளியே வந்து நின்னவன்ட்டி எம்பிள்ள. சின்னதுல பூனையக் கண்டா எம் மடிக்கு ஓடி வருவான். அந்தப் பயம் எங்க போச்சு? எவன் புடுங்கிட்டுப் போனான்?" அவள் குரல் உயரவில்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "ஒரே ஒரு தடவ, 'இல்லல, நான் எங்கம்மாகிட்டப் போறேன்'னு சொல்லட்டும். அவன் வாயால கேக்கணும் எனக்கு. அது போதும். பொறவு நான் அங்க வரவே மாட்டேன்."

"அது செல்ட்டன் அண்ணன் இல்ல பெரியம்மா. அது வந்து…"

"எனக்குத் தெரியும், அது என்னதுன்னு. நான் பெத்ததும் தெரியும், பெட்டியும் தெரியும். டெரன்ஸு சொன்னான், எந்த எண்ணு எங்க போடணும்னு உனக்குத்தான் தெரியுமாமே. நீதான மதகனச் செஞ்சவ?"

"ஆமா," என்றாள் பிரிஸ்கா.

விதியில் அதற்கு இடமிருந்தது. ஒரு பெரிய கட்டத்தைத் தாண்டியதும் ஒவ்வொரு ஆளும் ஒரு படி ஏறுவான். படியேறும்போது அட்டையைத் திருத்தலாம். விற்றதைத் திரும்ப வாங்கலாம். ஆடுகிறவன் இல்லாதபோது, கதை நடத்துபவர் சம்மதித்தால் வேறொருவர் திருத்தலாம். மதகன் அப்படி ஒரு படி ஏறி வாரக்கணக்காகிறது. யாரும் அவன் அட்டையைத் தொடத் துணியாமல் அப்படியே விட்டிருந்தார்கள்.

டெரன்ஸ் அண்ணனிடம் கேட்டாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தம்மாவுக்காகக் கேக்கியா, உனக்காகக் கேக்கியா?"

அவள் அட்டைக்காகக் கையை நீட்டினாள். அவருக்கும் அது போதுமாக இருந்திருக்க வேண்டும். அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவள் மதகனைப் பிரித்தாள். தாங்கும் சக்தியிலிருந்து எடுத்தாள். கேடயத்தைச் சின்னதாக்கினாள். 'குறுக்கே நில்'லை மட்டும் விட்டுவைத்தாள். நிற்கவும் முடிய வேண்டும், ஓடவும் முடிய வேண்டும். அப்போதுதான் அது அவன் முடிவு. எடுத்த புள்ளி எல்லாவற்றையும் பின்னடிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அங்கே அவள் பென்சில் தயங்கியது.

ஞானப்பூவுக்கு அவன் ஓட வேண்டும். பிரிஸ்காவுக்கு அவன் நிற்க வேண்டும். பயத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அவன் நின்றால், நிற்பது அவனுடைய குணம். அட்டைக்கும் அவளுக்கும் அதில் பங்கில்லை. அவன் ஓடினால்? ஒரு சின்ன எண்ணை எழுதினாள். அவ்வளவு குறைந்த பயத்தில் அவன் நிற்பான், அவளுக்குத் தெரியும். ஞானப்பூவிடம், நான் செய்துதான் பார்த்தேன் பெரியம்மா, அவர் குணம் அது என்று சொல்லிவிடலாம். அட்டையில் எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று பெரியம்மாவுக்குத் தெரியாது.

அழித்தாள். நியாயமான எண்ணை எழுதினாள். சாதாரண மனிதனுக்கு, தெருவில் போகிற யாருக்கும் இருக்கக்கூடிய பயம்.

அந்த ஞாயிறு காற்று ஜோராக அடித்தது. ஞானப்பூ தன் மூட்டையின்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மகுதூம் நல்ல உற்சாகத்தில் இருந்தான். அட்டை மாறியது அவனுக்குத் தெரியாது. ஒருவர் அட்டையை மற்றவர் பார்க்கக்கூடாது என்பது அந்த மேசையின் வழக்கம். அவனிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. டெரன்ஸ் அண்ணன் ஞானப்பூவை நினைத்துக்கொண்டிருந்தார், பிரிஸ்கா தன்னை நினைத்துக்கொண்டிருந்தாள்.

கதை ஒரு பழைய சுரங்கத்துக்குள் போனது. வவ்வால் ஒரு கதவின் பூட்டைத் திறக்கப் போனான்.

"உருட்டு," என்றார் டெரன்ஸ் அண்ணன்.

மகுதூம் உருட்டினான். மோசமான எண். மறுபடி ஒரு வாய்ப்பு உண்டு, அதையும் உருட்டினான். அதைவிட மோசம். பகடைதான் அப்படி விழுந்தது, யாரும் திட்டமிடவில்லை. விதிப்படி கூரை இடிய வேண்டும். டெரன்ஸ் அண்ணனின் முகம் மாறியது. இடிகிற கூரை, புகை, உள்ளே ஒருவன், வெளியே ஒருவன்.

"இது வேண்டாம். வேற மாதிரி வச்சுக்கிடுவோம்," என்றார். "பூட்டு தெறக்கல, அவ்வளவுதான்."

"அதெல்லாம் முடியாது அண்ணே. பகட சொன்னா சொன்னதுதான்," என்று சிரித்தான் மகுதூம். "விழட்டும். மதகன் இருக்கான்லா!"

டெரன்ஸ் அண்ணன் வேறு வழியில்லாமல் சொன்னார். கூரை இடிகிறது. உத்தரம் ஒன்று வவ்வாலின் கால்மேல் விழுகிறது. மந்திரக்காரி வெளியே விழுந்து கிடக்கிறாள். மதகன் வாசலில் நிற்கிறான். உள்ளே விஷப்புகை எழுகிறது. மதகனுக்கு ஏற்கெனவே காயம்.

"ஏல மதகா!" என்று கூப்பிட்டான் மகுதூம். நாற்காலியில் சாய்ந்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தெரிந்த பதிலுக்காகக் காத்திருக்கிறவனாக.

பெட்டியில் சத்தமில்லை. வழக்கமாக இவ்வளவு நேரம் ஆகாது.

நில், என்று பிரிஸ்கா மனதுக்குள் சொன்னாள். நில்லுங்க அண்ணே. நீங்களாவே நில்லுங்க.

"மதகா? என்னல, தூங்கிட்டியா?"

"இல்லல," என்றது செல்ட்டனின் குரல். தாழ்ந்திருந்தது. அந்தக் குரலில் நடுக்கம் இருந்தது. அவர்கள் யாரும் அதுவரை அந்தப் பெட்டியில் கேட்டிராத நடுக்கம். "பொகையா இருக்கு. எனக்குப் பயமா இருக்குல."

மகுதூமின் கைகள் மெல்லக் கீழே இறங்கின.

"என்னால முடியாதுல மகுதூம். எம்மா தனியாக் கெடப்பா. நான் வீட்டுக்குப் போறேன்."

வவ்வால் என்று சொல்லவில்லை. கதைக்குள் இருக்கிற மதகனுக்கு அம்மா கிடையாது. பெட்டி இத்தனை வாரமாக யார் யாருடைய பேச்சையோ கேட்டுக் கேட்டு, எதையெதையோ கோத்து வைத்திருந்தது.

நூல் மூட்டைமேலிருந்து ஞானப்பூ எழுந்தேவிட்டாள்.

"ஓடு மக்கா!" என்று கத்தினாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, வாசலில் ஓடிவரும் பிள்ளையை வாரிக்கொள்ளப் போகிறவள்போல. கண்ணீர் ஓடியது, முகம் சிரித்தது. "வந்துரு ராசா! திரும்பிப் பாக்காத! யாரு கெடந்தாலும் கெடந்துட்டுப் போறான், நீ ஓடி வந்துரு!"

"வந்துட்டேம்மா," என்றது குரல்.

பிரிஸ்கா அட்டையைப் பார்த்தாள். தன் கையெழுத்தில் பின்னடிக்கு நேரே அந்த எண் இருந்தது. அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. இனி ராட்டை ஓடும்போதெல்லாம் அது கூடவே ஓடும். அந்தக் கனம் நெஞ்சில் இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான், மேசையின் எதிர்ப்பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்திருப்பது அவள் கண்ணில் பட்டது.

மகுதூம் பெட்டியைப் பார்க்கவில்லை. ஞானப்பூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அவன் இருப்பதே நினைவில்லை. காற்றில் நீட்டிய கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, வந்துட்டான், வந்துட்டான் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"மகுதூமு," என்றார் டெரன்ஸ் அண்ணன். "இது வந்து… அட்டையில ஒரு சின்ன…"

பிரிஸ்காவும் வாயைத் திறந்தாள். தொண்டை அடைத்துக்கொண்டது.

ஞானப்பூவுக்கு அப்போதுதான் சுயநினைவு வந்தது. திரும்பினாள். மகுதூமைப் பார்த்தாள். அவன் பக்கம் கையை நீட்டினாள். "மக்கா," என்றாள். "ஏய் மக்கா, நான் உன்னைய…"

மகுதூம் எழுந்தான். நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்கு அடியில் தள்ளினான். தன் அட்டையை எடுக்கவில்லை. ஞானப்பூ நீட்டிய கையைத் தொடாமல், அவளைக் கொஞ்சமும் இடிக்காமல், சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டு நடந்தான். வாசலில் குனிந்து செருப்பை மாட்டினான். படியிறங்கிப் போனான்.